இறால் பிடிக்கும் உடம்புக்கு எவ்வளவு கலோரி? ஊட்டச்சத்து - உடற்பயிற்சி அறிவியல் மேற்படிப்பு... ஒரு பழவேற்காடு கணக்கு!

ஜிம் வாசலில் ஒட்டியிருக்கும் 'டயட் சார்ட்', ரீல்ஸில் புரோட்டீன் பவுடர் டப்பாவைத் தூக்கிக் காட்டும் அண்ணன்... யாராவது 'நியூட்ரிஷன் படிக்கிறேன்' என்று சொன்னால் நமக்கு முதலில் ஞாபகம் வருவது இதெல்லாம்தான், இல்லையா? அதைக் கொஞ்சம் ஓரமாக வெச்சுட்டு, பழவேற்காடு வரைக்கும் வாங்க.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில், சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இங்குள்ள மீனவ கிராமங்களில், வலை கட்டும் இடத்தை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' வழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. எண்ணூர் தொடங்கி இந்தப் பகுதி வரை இருளர் பெண்கள் பலர் வலையே இல்லாமல் இறால் பிடிக்கிறார்கள். தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவிப் பிடிக்கும் வேலை. இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால், இறாலைப் போடும் பனையோலைக் கூடையைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். இது மணிக்கணக்கில் நடக்கும்.

அப்படி வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பாடு வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கிற படிப்புதான் இது.

பதில் ஏற்கெனவே இருக்குமே என்று நீங்கள் நினைக்கலாம். இருக்கு, ஆனா பாதிதான் இருக்கு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு உட்கார்ந்த வேலை என்றால் 1,660 கலோரி, நடுத்தர உழைப்பு என்றால் 2,130, கடின உழைப்பு என்றால் 2,720. 65 கிலோ ஆணுக்கு இதே வரிசையில் 2,110, 2,710, 3,470.

பெண்ணின் நடுத்தர உழைப்புக்கும் கடின உழைப்புக்கும் இடையில் 590 கலோரி வித்தியாசம். அரிசியாகச் சொன்னால் ஏறத்தாழ 170 கிராம். ஒரு வேளைச் சாப்பாடே அதில் அடங்கிவிடும்!

சரி, எந்தத் தொழில் எந்த வகை? பாடப்புத்தகங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் ஐ.சி.எம்.ஆர். பட்டியலில், மீனவர் 'நடுத்தர உழைப்பு' பிரிவில் வருகிறார். கூடவே குயவர், தச்சர், டிரைவர். பெண்களுக்கான நடுத்தரப் பிரிவில் வீட்டு வேலை செய்பவர், கூடை முடைபவர், பீடி சுற்றுபவர் எல்லாம் உண்டு. கையால் இறால் பிடிக்கும் பெண் எந்தப் பிரிவிலும் இல்லை. பீடி சுற்றுவதும், விவசாயக் கூலி வேலையும் ஒரே வரிசையில் இருப்பதைப் பார்த்தபோதே எனக்குக் கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டது.

இதைத் திருத்த வேண்டுமானால் யாராவது அளக்க வேண்டும். உடற்பயிற்சி அறிவியல் உள்ளே வருவது இங்கேதான்.

அடிப்படை எளிது. உடம்பு 1 லிட்டர் ஆக்சிஜனைச் செலவழித்தால் சுமார் 5 கலோரி எரிந்திருக்கிறது என்று அர்த்தம். வலை இழுக்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் ஆக்சிஜன் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 450 கலோரி ஆச்சு. இதை அளக்க, முகத்தில் மாஸ்க் மாட்டி மூச்சுக்காற்றைச் சேகரிப்பார்கள்.

ஆனால், வாயில் கூடையைக் கடித்துக்கொண்டிருப்பவருக்கு மாஸ்க் எப்படி மாட்டுவது? அதற்கும் வழி இருக்கிறது. முதலில் ஆய்வகத்தில், ஒருவரின் இதயத்துடிப்பு ஏறும்போது ஆக்சிஜன் செலவு எவ்வளவு ஏறுகிறது என்று பதிவு செய்வார்கள். பிறகு, நெஞ்சில் தண்ணீர் புகாத பட்டையைக் கட்டி அனுப்பினால் துடிப்பை வைத்துக் கலோரியைக் கணக்கிடலாம். குளிர்ந்த நீரில் நிற்கும்போது துடிப்பு மாறும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அடையாளமிடப்பட்ட தண்ணீரைக் குடிக்கவைத்து, பல நாள் சிறுநீரைச் சோதிக்கும் முறை இருக்கு. செலவு அதிகம். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற சில இடங்களில்தான் அதற்கு வசதி.

நம்மூருக்கும் இந்தத் துறைக்கும் பழைய உறவு. 1918-ல் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வுக்கூடம்தான் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. மெக்கரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி உணவுகளைக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், காய்கறி என்று சீக்கியர் உணவு சாப்பிட்ட எலிகள் நன்றாக வளர்ந்தன. அரிசியே பிரதானமான 'மதராசி' உணவு சாப்பிட்டவை கடைசியில் நின்றன. (எலிக்கு யாராவது நெத்திலிக் குழம்பு ஊத்தியிருக்கலாம்!) சேலத்தில் பிறந்த டாக்டர் சி.கோபாலன் பின்னாளில் அந்த நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர்.

இப்போது எங்கே படிக்கலாம்? ஹைதராபாத் நிறுவனமே எம்.எஸ்சி. அப்ளைடு நியூட்ரிஷன், எம்.எஸ்சி. ஸ்போர்ட்ஸ் நியூட்ரிஷன் இரண்டையும் நடத்துகிறது, நுழைவுத்தேர்வு உண்டு. கோவை அவினாசிலிங்கம் பல்கலைக்கழகம், சென்னை ராணி மேரி கல்லூரி, மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி ஆகியவற்றின் மனையியல், உணவியல் துறைகள் பெண்களுக்கு நல்ல வாசல். பசங்களுக்கு? சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் 2005-ல் தொடங்கிய தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி உடலியங்கியல் துறை இருக்கிறது. தகுதியும் கட்டணமும் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. வாசல் பிளஸ் ஒன்னிலேயே பாதி மூடிவிடுகிறது. வேதியியல், உயிரியல் உள்ள குரூப் எடுக்காதவர்களுக்கு இளநிலையில் இடம் கிடைப்பது கஷ்டம். அது இல்லாமல் முதுநிலையும் இல்லை. இன்னொன்று பணம். அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் இளநிலையோடு நின்றுவிடும். எம்.எஸ்சி.க்கு பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், பழங்குடியினருக்கான கல்வி உதவித்தொகைகளை நம்பித்தான் திட்டம் போட வேண்டும். அதனால் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழை முன்கூட்டியே தயார் பண்ணிடுங்க. இருளர் குடும்பங்களில் பலர் சிக்குவது இந்தக் காகிதத்தில்தான்.

வேலை? மருத்துவமனை, விளையாட்டு அகாடமி, ஆராய்ச்சித் திட்டங்கள். 'ரிஜிஸ்டர்டு டயட்டீஷியன்' ஆக, இந்திய உணவியல் சங்கத்தின் தேர்வும் அதற்கு முன்பு மருத்துவமனைப் பயிற்சியும் வேண்டும். உணவியல் நிபுணர்களையும் உள்ளடக்கிய சுகாதாரத் தொழில் வல்லுநர்கள் சட்டம் 2021-ல் வந்திருக்கிறது. மூன்று மாத ஆன்லைன் சான்றிதழை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீங்க.

நீங்கள் ஏரிக்கரை ஊர்க்காரர் என்றால், எம்.எஸ்சி. ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடி அலைய வேண்டாம். தண்ணீரில் நிற்கும் உங்கள் அத்தையும் சித்தியும் எவ்வளவு கலோரி செலவழிக்கிறார்கள், விற்றது போக வீட்டுக்கு வருவது எவ்வளவு மீன், கருவாட்டு உப்பு ரத்த அழுத்தத்தை என்ன செய்கிறது... எல்லாமே அளக்கப்படக் காத்திருக்கின்றன. ஒன்று மட்டும்: மனிதர்களிடம் அளவெடுக்க, நெறிமுறைக் குழுவின் அனுமதியும் அவர்களுடைய சம்மதமும் கட்டாயம். அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகலாம். இறால் சீசன் உங்களுக்காகக் காத்திருக்காது, முதலாண்டிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.