போகாதவர் எழுதிய பாட்டு: ஹிப்பி காலத்து ஹார்மனி பற்றிச் சில குறிப்புகள்

வுட்ஸ்டாக் விழா என்றதும் பலருக்கும் நினைவுக்கு வரும் பாட்டின் பெயரும் 'வுட்ஸ்டாக்'தான். எழுதியவர் ஜோனி மிட்செல். வேடிக்கை என்னவென்றால், அவர் அந்த விழாவுக்குப் போகவே இல்லை. 1969 ஆகஸ்ட் 15 முதல் 18 வரை, நியூயார்க் மாநிலத்தின் பெத்தெல் என்ற ஊரில், மேக்ஸ் யாஸ்கர் என்பவரின் பால்பண்ணை நிலத்தில் நாலு லட்சம் பேருக்கு மேல் மழையிலும் சேற்றிலும் கிடந்தார்கள். அந்த நேரத்தில் அவர் நியூயார்க் நகரத்து ஹோட்டல் அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். டிக் கேவட்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போக வேண்டியிருந்தது. கூட்டத்துக்குள் போய் மாட்டிக்கொண்டால் நேரத்துக்குத் திரும்ப முடியாது என்று அவரைச் சேர்ந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். கடைசியில் பார்த்தால், விழாவில் பாடிவிட்டு டேவிட் கிராஸ்பியும் ஸ்டீபன் ஸ்டில்ஸும் அதே நிகழ்ச்சிக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். ஸ்டில்ஸின் பேண்ட்டில் வுட்ஸ்டாக் சேறு அப்படியே இருந்தது.

ஆக, ஒரு தலைமுறையே தன்னுடையது என்று கொண்டாடும் நினைவு, போக முடியாமல் ஏங்கிய ஒருவரின் கையால் எழுதப்பட்டது. இந்தப் பாடல்கள் வந்தபோது நான் பிறக்கவே இல்லை. கலிபோர்னியாவை வரைபடத்தில் பார்த்ததோடு சரி. இருந்தும் அந்த மூன்று நான்கு குரல்கள் சேர்ந்து எழும்பும்போது, எதையோ தொலைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. வாழாத காலத்தின் மேல் ஏக்கம் வருமா? வரும்தான் போலிருக்கிறது. ஏன் வருகிறது என்று தேடிப் பார்த்ததில் சேர்ந்த குறிப்புகள்தான் இவை.

போகிற போக்கில் ஒன்று. அந்த விழாவின் முதல் நாள் மாலை மேடையேறி ஆசி உரை நிகழ்த்திய, வெள்ளைத் தாடிக் காவியுடைச் சாமியார் நம்ம ஊர்க்காரர். கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தா. பத்தமடையில் பிறந்து ரிஷிகேசத்தில் ஆசிரமம் அமைத்த சிவானந்தரின் சீடர். ஒலியின் சக்தியைப் பற்றிப் பேசிவிட்டு, லட்சக்கணக்கான அமெரிக்க இளைஞர்களை ஒரே குரலில் மந்திரம் சொல்ல வைத்தார்.

அது ஒரே குரல். ஹார்மனி அப்படியில்லை.

ஒரே சமயத்தில் மூன்று ஸ்வரம்

கர்நாடக சங்கீதத்தில் பத்து பேர் சேர்ந்து பாடினாலும் மெட்டு ஒன்றுதான். ஹார்மனியில் ஒருவர் ஸட்ஜத்தில் நிற்கும்போது இன்னொருவர் காந்தாரத்திலும் மூன்றாமவர் பஞ்சமத்திலும் நிற்பார். மெட்டு நகரும்போது மூவரும் தத்தம் தூரத்தைப் பார்த்துக்கொண்டே சேர்ந்து நகர வேண்டும். ஒருவர் கொஞ்சம் பிசகினாலும் மொத்தமும் கெட்டுவிடும். அதனால் பாடும்போதே அடுத்தவரைக் கேட்டாக வேண்டும். தனியாக எவ்வளவு நன்றாகப் பாடினாலும் பிரயோஜனமில்லை.

அமெரிக்காவில் இது முதலில் குடும்பச் சொத்து. தேவாலயத்திலும் வீட்டுத் திண்ணையிலும் அண்ணன் தம்பிகள் பாடிப் பழகியது. அதை ராக் அண்ட் ரோல் காலத்துக்குக் கொண்டுவந்தவர்கள் டான், ஃபில் என்ற எவர்லி சகோதரர்கள். கெண்டக்கியைச் சேர்ந்த குடும்பம். அப்பா அம்மாவோடு சின்ன வயதிலேயே வானொலியில் பாடியவர்கள். 1957இல் 'பை பை லவ்' வெளியானது. டான் கீழே மெட்டைப் பிடிக்க, ஃபில் அதற்கு மேல் ஒட்டிக்கொண்டே வருவார். ஒரே ரத்தம், ஒரே வாய் அமைப்பு, ஒரே உச்சரிப்பு. எது யார் குரல் என்று பிரிக்கவே முடியாது.

அதைக் கேட்டு நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸில் இரண்டு பள்ளிக்கூடப் பையன்கள் அதே மாதிரி பாடப் பழகினார்கள். அதே 1957இல் 'டாம் அண்ட் ஜெர்ரி' என்ற பெயரில் ஒரு ரெக்கார்டும் போட்டார்கள். பின்னாளில் சைமன் அண்ட் கார்ஃபங்கல் ஆனவர்கள் அவர்கள்தான். கடலுக்கு அந்தப் பக்கம், இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் வளர்ந்த கிரஹாம் நாஷும் தன் நண்பன் ஆலன் கிளார்க்குடன் எவர்லிகளைப் போலப் பாடிக்கொண்டிருந்தார்.

ரத்த சம்பந்தம் இல்லாதவர்கள் ரத்த சம்பந்தம் உள்ளவர்களைப் போலப் பாட முயன்றதுதான் இந்த இசையின் தொடக்கம். ஹிப்பி தலைமுறை வீட்டை விட்டு வெளியேறிய தலைமுறை. வெளியேறிய கையோடு அவர்கள் செய்த வேலை, குரலால் ஒரு குடும்பம் கட்டியதுதான்.

மரத்தடிப் பாட்டல்ல, ஸ்டுடியோ பாட்டு

இயற்கை, எளிமை, மரத்தடி, கிடார் என்றுதான் இந்த இசைக்கு ஒரு படம் நம் மனதில் இருக்கிறது. உண்மை கொஞ்சம் வேறு மாதிரி. 1965இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பேர்ட்ஸ் குழுவின் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பதிவில், குழுவினரில் வாத்தியம் வாசித்தவர் பன்னிரண்டு தந்தி ரிக்கன்பேக்கர் கிடார் வைத்திருந்த மெக்வின் ஒருவர்தான். ஜீன் கிளார்க்கும் கிராஸ்பியும் பாடினார்கள். மற்ற வாத்தியங்களை எல்லாம் சம்பளத்துக்கு வாசிக்கும் லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டுடியோ கலைஞர்கள் வாசித்தார்கள். ட்ரம்ஸ் வாசித்தவர் ஹால் பிளைன். 'கலிபோர்னியா ட்ரீமின்' பாட்டிலும் அவர்தான். 'பிரிட்ஜ் ஓவர் ட்ரபிள்ட் வாட்டர்' பாட்டிலும் அவர்தான். ஒரு தலைமுறையின் இதயத்துடிப்பைச் சம்பளத்துக்கு வாசித்துக் கொடுத்த மனிதர்!

சைமன் அண்ட் கார்ஃபங்கல் கதை இன்னும் விசித்திரம். 1964இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் படுத்துவிட்டது. சைமன் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். 1965 ஜூனில் தயாரிப்பாளர் டாம் வில்சன், அந்த ஆல்பத்தில் இருந்த 'தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்' பதிவின் மேல் எலக்ட்ரிக் கிடாரும் ட்ரம்ஸும் ஏற்றினார். பாடியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1966 ஜனவரியில் பாட்டு முதலிடத்துக்குப் போனது. பிரிந்து கிடந்த இருவரையும் மறுபடி சேர்த்து வைத்தது அவர்களுக்கே தெரியாமல் நடந்த அந்த வேலைதான்.

இதனால் பாட்டின் மதிப்பு குறைகிறதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் குரல்கள் பொய்யில்லை. சுற்றிலும் நாம் வரைந்துகொண்ட படம்தான் பொய்.

பிறக்கும்போதே ஏக்கம்

'கலிபோர்னியா ட்ரீமின்' எழுதப்பட்டது கலிபோர்னியாவில் அல்ல. 1963இல், நியூயார்க் குளிரில், ஊர் நினைப்பில் வாடிய மிஷேல் ஃபிலிப்ஸும் அவர் கணவர் ஜானும் எழுதியது. ஜோனி மிட்செல் கதைதான் இங்கேயும். கையில் இல்லாததைப் பற்றித்தான் பாட்டு வருகிறது. இன்று நாம் 'அந்தக் காலம்' என்று ஏங்கிக் கேட்கும் பாட்டு, வெளிவந்த அன்றே வேறொரு இடத்துக்கான ஏக்கம். நாம் ஏங்குவது அவர்களுடைய ஏக்கத்துக்காக.

அந்த மமாஸ் அண்ட் பாப்பாஸ் குழுவின் குரல்களில் பெரியது காஸ் எலியட்டுடையது. 1974 ஜூலையில், லண்டன் பலேடியம் அரங்கில் தன் நிகழ்ச்சிகளை முடித்த கையோடு, 32 வயதில் மாரடைப்பால் இறந்தார். ஆனால் ஊருக்கெல்லாம் தெரிந்த கதை வேறு: சாண்ட்விச் தொண்டையில் சிக்கிச் செத்தாராம். பிரேதப் பரிசோதனையில் மூச்சுக்குழாயில் உணவு எதுவும் இல்லை என்று தெளிவாகவே தெரிந்தது. இருந்தும் கேலி போகவில்லை. அவர் பருமனானவர், பெண் வேறு. அது போதுமானதாக இருந்தது. 'அன்பின் காலம்' என்று நினைவுகூரப்படும் காலம், தன் மிகச் சிறந்த குரல்களில் ஒன்றை இப்படித்தான் நினைவில் வைத்துக்கொண்டது.

எந்த வீடு?

1968இல் லாஸ் ஏஞ்சல்ஸின் லாரல் கேன்யன் மலைச்சரிவில் ஒரு வீட்டில் கிராஸ்பியும் ஸ்டில்ஸும் ஒரு பாட்டைப் பாடிக் காட்டினார்கள். ஹாலிஸ் குழுவில் இருந்த நாஷ் கேட்டார். மறுபடி பாடச் சொன்னார். மூன்றாம் முறை மேலே தன் குரலைச் சேர்த்தார். பாதியிலேயே பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார்களாம். அவ்வளவு பொருந்திப் போயிருந்தது. பேர்ட்ஸ் குழு கிராஸ்பியை வெளியே அனுப்பியிருந்தது, ஸ்டில்ஸின் பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டு கலைந்திருந்தது. வீடில்லாத குரல்களுக்கு ஒரு வீடு கிடைத்தது.

ஆனால் எந்த வீடு? ஜோனி மிட்செலின் வீடு என்றார்கள் நாஷும் கிராஸ்பியும். இல்லை, காஸ் எலியட்டின் வீடு என்றார் ஸ்டில்ஸ். கடைசிவரை இதில் ஒத்துப்போகவில்லை. ஸ்வரத்தில் இழையளவு பிசகாமல் சேர்ந்தவர்களால் ஒரு முகவரியில் சேர முடியவில்லை! 1969 மே மாதம் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் அட்டையிலும் இதே கதை. ஒரு பழைய வீட்டு வாசல் சோபாவில் உட்கார்ந்து எடுத்த படம். பெயர் வரிசை ஒரு மாதிரியும் உட்கார்ந்த வரிசை வேறு மாதிரியும் இருந்ததால், திருத்தி எடுக்கத் திரும்பிப் போனார்கள். வீட்டை இடித்தே விட்டிருந்தார்கள்.

அடியில் ஓடும் இன்னொரு பாட்டு

1966இல் சைமன் அண்ட் கார்ஃபங்கல் பதிவு செய்த 'ஸ்கார்பரோ ஃபேர்' கேட்டிருப்பீர்கள். பழைய ஆங்கில நாட்டுப்பாடல். அந்த வடிவத்தைச் சைமன் லண்டனில் மார்ட்டின் கார்த்தி என்ற நாட்டுப்புறப் பாடகரிடம் கற்றார். ரெக்கார்டில் கார்த்தியின் பெயர் இல்லை. அந்த வருத்தம் ரொம்ப வருஷம் இருந்து, 2000இல் இருவரும் லண்டன் மேடையில் சேர்ந்து பாடியபோது தீர்ந்தது.

நான் சொல்ல வந்தது வேறு. அந்தப் பாட்டில் மூலிகை வாசமும் பழைய காதலும் மேலே போய்க்கொண்டிருக்க, அடியில் வேறு சொற்களோடு இன்னொரு மெட்டு ஓடுகிறது. அது சைமன் முன்பே எழுதி வைத்திருந்த போர் எதிர்ப்புப் பாட்டு. இனிமையில் மயங்கிக் கேட்பவர்களில் பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

ஹிப்பி காலத்து இசை முழுவதற்கும் அடியில் அந்த இரண்டாவது மெட்டு ஓடியது. 1964 முதல் 1973 வரை சுமார் 22 லட்சம் அமெரிக்க இளைஞர்கள் கட்டாய ராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்டார்கள். வியட்நாமில் 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். வியட்நாமியர்களின் கணக்கு அதைப்போல் பல மடங்கு. 1969 டிசம்பர் 1 அன்று யார் முதலில் போக வேண்டும் என்று பிறந்தநாள் சீட்டு எடுத்துக் குலுக்கல் நடத்தினார்கள். வானொலியில் ஹார்மனி பாட்டு கேட்டுக்கொண்டிருந்த பையன், தன் பிறந்த தேதி எத்தனையாவதாக வந்தது என்பதையும் அதே வானொலியில்தான் கேட்டிருப்பான்.

1970 மே 4. ஒஹையோ மாநிலத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில், போர் கம்போடியாவுக்குள் பரவியதை எதிர்த்த மாணவர்கள் மீது தேசியக் காவல் படை 13 விநாடிகள் சுட்டது. நான்கு மாணவர்கள் இறந்தார்கள், ஒன்பது பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் இருவர் போராட்டத்திலேயே இல்லை. ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். 'லைஃப்' இதழில் வந்த படங்களைப் பார்த்துவிட்டு, அதற்குள் குழுவில் நான்காவதாகச் சேர்ந்திருந்த நீல் யங் 'ஒஹையோ' எழுதினார். மே 21 அன்று நால்வரும் ஸ்டுடியோவில் ஒன்றாக நின்று பதிவு செய்தார்கள். ஜூன் மாதமே ரெக்கார்டு கடைக்கு வந்துவிட்டது. நாஷின் 'டீச் யுவர் சில்ட்ரன்' அப்போதுதான் பட்டியலில் ஏறிக்கொண்டிருந்தது. தன் பாட்டு அடிபடும் என்று தெரிந்தும் இதை உடனே வெளியிடச் சொன்னவர்களில் நாஷும் ஒருவர். சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. அடுத்த சில வாரங்களில், அந்தக் கோடையிலேயே, குழு உடைந்தது.

பிசகிய சுருதி

பிறகு சேர்ந்தார்கள், பிரிந்தார்கள், எத்தனை தடவை என்று எண்ணிச் சலித்துவிடும். ரத்த சம்பந்தமும் காப்பாற்றவில்லை: எவர்லி சகோதரர்கள் 1973இல் மேடையிலேயே சண்டையிட்டுப் பிரிந்தார்கள், பத்து வருஷம் சேர்ந்து பாடவில்லை. கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் மூவரும் கடைசியாகச் சேர்ந்து நின்றது 2015 டிசம்பரில், வாஷிங்டனில், ஜனாதிபதி ஒபாமா கலந்துகொண்ட கிறிஸ்துமஸ் மரம் விளக்கேற்றும் விழாவில். பாடியது 'சைலன்ட் நைட்'. குழந்தைகளுக்கும் தெரிந்த பாட்டு. சுருதி சேரவில்லை. அதன் பிறகு அவர்கள் சேர்ந்து பாடவே இல்லை. கிராஸ்பி 2023 ஜனவரி 18 அன்று 81 வயதில் இறந்தார். கடைசி நாட்களில் பேசலாம் என்று அவரிடமிருந்து செய்தி வந்தது, பேசுவதற்குள் போய்விட்டார் என்று நாஷ் பிறகு சொன்னார்.

அவர்களுக்குள் ஒற்றுமை இருந்ததால் ஹார்மனி வந்தது என்று நினைக்கத்தான் நமக்கு ஆசை. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பாடும் அந்த மூன்று நிமிஷம் அடுத்தவரைக் கேட்டார்கள்; பாட்டு முடிந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். அந்த மூன்று நிமிஷம் உண்மை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதை வைத்து ஒரு காலத்தையே பொன்னாக்கினால், கென்ட்டில் விழுந்த நால்வரும், காஸ் எலியட்டும், பெயர் போடாமல் விட்டுப்போன கார்த்தியும் படத்துக்கு வெளியே நிற்பார்கள்.

இந்தப் பாடல்களை அடுத்த முறை கேட்கும்போது ஒன்று செய்து பாருங்கள். மேலே நிற்கும் குரலை விட்டுவிட்டு நடுக்குரலைத் தேடுங்கள். இந்த மூவரில் பெரும்பாலும் அது கிராஸ்பியுடையது. சட்டென்று காதில் விழாது. மெட்டும் அதனிடம் இருக்காது, உச்சமும் இருக்காது. ஒருமுறை பிடிபட்டுவிட்டால், அப்புறம் அந்தப் பாட்டைப் பழைய மாதிரி கேட்கவே முடியாது.