முதற்போரில் தோற்ற காவலன்

1955ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 'கன்ஸ்மோக்' என்னும் தொடரின் முதற்பகுதி ஒளிபரப்பாயிற்று. 1952 முதல் வானொலியில் ஒலித்துவந்த கதை அது. அதனை உருவாக்கிய நார்மன் மக்டொனல், ஜான் மெஸ்டன் இருவரும், மேற்கத்திய வீரக்கதையைச் சிறுவர்களின் கற்பனையினின்று மீட்டு, முதிர்ந்தோர்க்கு உரியதாக்க விழைந்தனர்.

கான்சாஸ் மாநிலத்து டாட்ஜ் நகரமே கதைக்களம். காவல் தலைவன் மேட் டில்லனாக ஜேம்ஸ் ஆர்னெஸ் நடித்தார். தன்னைக் கைது செய்ய வந்த சட்ட அதிகாரியைக் கொன்ற டான் கிராட் என்பவனை டில்லன் எதிர்கொள்கிறான். நாயகன் வெல்வான் என்று நாம் காத்திருக்க, அவனோ சுடப்பட்டு வீதியில் சாய்கிறான்! தொடரின் தொடக்கத்திலேயே நாயகனை வீழ்த்திக் காட்டியது அக்காலத்தில் துணிவான செயலே.

நோய்ப்படுக்கையில் டில்லன் எண்ணிப் பார்க்கிறான். கிராட்டின் கை விரைவானது. ஆனால் குறி தவறாதது அன்று. அதனால்தான் எதிரியை அவன் நெருங்கி வந்தே சுடுகிறான். இதனை உணர்ந்தவன், இரண்டாம் முறை அவனை நெருங்கவிடாது வெல்கிறான். புண்பட்டது மெய்ம்மை, புண்பட்டவன் மீண்டு வந்து வென்றது வீரக்கதை.

மெய்யான டாட்ஜ் நகரம் என்ன சொல்கிறது? 1872இல் இருப்புப்பாதை அங்கு வந்தது. பின்னர் டெக்சஸிலிருந்து மாட்டு மந்தைகள் வந்து குவிந்தன. நகருக்குள் துப்பாக்கி ஏந்துவதைச் சட்டம் தடுத்தது. திரையில் வாரந்தோறும் பிணம் விழுந்தது. ஆனால் டாட்ஜ் உட்பட கான்சாஸின் ஐந்து மாட்டுச் சந்தை நகரங்களில் 1870 முதல் 1885 வரை நிகழ்ந்த கொலைகள் 45 மட்டுமே என்று வரலாற்றாசிரியர் ராபர்ட் டைக்ஸ்ட்ரா 1968இல் வெளியிட்ட நூலில் கணக்கிட்டுக் காட்டினார்.

அவற்றுள் ஒன்று நம் உள்ளத்தைத் தொடுகிறது. 1878 ஏப்ரல் 9 இரவு, நகரக் காவல் தலைவர் எட் மாஸ்டர்சன், குடித்திருந்த மாட்டுக்காரன் ஒருவனிடமிருந்து துப்பாக்கியை வாங்கி, அவனுடைய தலைவனிடமே ஒப்படைத்தார். அந்தப் பரிவு வீணாயிற்று. சற்று நேரத்தில் அதே மனிதன் மீண்டும் துப்பாக்கியுடன் நின்றான். அதனைப் பறிக்க முயன்றபோது குண்டு பாய்ந்தது. மிக அருகிலிருந்து சுட்டதால் அவர் உடையே தீப்பற்றிக்கொண்டது. தெருவைக் கடந்து நடந்தவர் சாய்ந்து விழுந்தார், அன்றிரவே உயிர்நீத்தார். வயது இருபத்தைந்து.

டில்லனுக்குக் கிடைத்த இரண்டாம் சந்திப்பு எட் மாஸ்டர்சனுக்குக் கிடைக்கவில்லை. 'கன்ஸ்மோக்' 1975 வரை இருபது ஆண்டுகள், 635 பகுதிகளாக ஓடியது. அத்தனை பகுதிகளிலும் மக்கள் நாடியது அந்த இரண்டாம் வாய்ப்பைத்தானோ? கதை நமக்கு நம்பிக்கை தருகிறது; அது வேண்டுவதே. ஆனால் அந்த நம்பிக்கைக்கு விலை கொடுத்தவர்களை நினைவில் வைப்பது வரலாறு. ஒன்றை விரும்பி மற்றொன்றை மறத்தல் நன்றன்று.