கண்டதை எழுதுதல்: பள்ளி அறிவியலும் மாணவர் மன்றங்களும்

விழுப்புரத்திற்கு வடமேற்கே சில கல் தொலைவில், பம்பையாற்றின் கரையில் அமைந்த ஊர் திருவாமாத்தூர். தேவாரப் பாடல் பெற்ற தலம். வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் மடம் நிறுவி வாழ்ந்து, 1898இல் மறைந்த இடம். அவ்வூர்க் கோயிலில் வட்டப்பாறை என்றொரு இடமுண்டு. அதன் முன் நின்று பொய்ச்சத்தியம் செய்யச் சுற்றுப்புறத்து மக்கள் அஞ்சுவர். தீராத வழக்குகளை அங்கே சத்தியம் செய்து தீர்த்துக்கொள்ளும் வழக்கமும் இருந்ததென்பர்.

சாட்சிக்குப் பேர்பெற்ற அந்த ஊரின் பக்கத்தில், உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றுகிறார் நம் பழைய மாணவர் ஒருவர். நம்மிடம் மூன்றாண்டு ஓதியபின் இயற்பியலில் பட்டமும் பி.எட். பட்டமும் பெற்றவர். அண்மையில் நம்மைக் காண வந்தபோது அவர் முகத்தில் வாட்டம் இருந்தது.

"ஹஜ்ரத், குவிலென்சின் குவியத் தூரம் கண்டுபிடிக்கச் சொன்னேன். என்னிடம் இருப்பது ஆறு லென்சு. ஆறும் ஒரே அளவல்ல. ஆனால் முப்பது பிள்ளைகளின் ஏட்டிலும் ஒரே எண். அண்ணன், அக்கா ஏட்டிலிருந்து வந்த எண். மன்றத்துப் பிள்ளைகள் நாலு பேர் மட்டும்தான் மூன்று முறை பார்த்து மூன்று வேறு அளவை எழுதியிருந்தார்கள். எனக்கு அதுதான் ஆறுதல்" என்றார்.

ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இந்நோய் புதிதன்று. 'தத்லீஸ்' என்று அதற்கு அங்கே பெயர். தாம் நேரில் கேளாததைக் கேட்டதுபோல் தோன்றும் சொல்லால் அறிவிப்பது அது. அறிவிக்கப்படும் செய்தி உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அறிவிப்பாளரின் நம்பகம் குறைந்துவிடும். அந்த இருபத்தாறு ஏடுகளில் இருந்த எண்ணும் ஏதோ ஒரு லென்சுக்குச் சரியான எண்தான். எழுதியவர்கள் அந்த லென்சைப் பார்த்ததில்லை என்பதே குறை. சமச்சீர்க் கல்விக்குப் பின் பத்தாம் வகுப்பு அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கென்று ஒதுக்கப்பட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் மதிப்பெண் வந்த இடத்திற்கு அண்ணன்மாரின் ஏடும் வந்துவிட்டது.

பார்த்தறிதலும் பாராது கணித்தலும் இந்த வட்டாரத்தில் எதிரெதிரே நின்ற நிகழ்ச்சி ஒன்று வரலாற்றில் உண்டு. திருவாமாத்தூரிலிருந்து ஒரு நாள் நடையில் எட்டிவிடக்கூடிய புதுச்சேரியில் அது நடந்தது. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கவென்று பிரெஞ்சு வானியலார் லெ ஜெந்தீல் 1760ஆம் ஆண்டில் கப்பலேறினார். அவர் வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் வீழ்ந்துவிட்டது. 1761 ஜூன் 6 அன்று நடுக்கடலில், ஆடும் கப்பலின் மேல்தளத்தில் நின்று அக்காட்சியைக் கண்டார், அளவெடுக்க இயலவில்லை. அடுத்த கடப்பு எட்டாண்டு கழித்து. ஊர் திரும்பாமல் கீழ்த்திசைக் கடல்களிலேயே காத்திருந்து, 1768இல் புதுச்சேரி வந்து, இடிந்த கோட்டையின் மீது நோக்ககம் அமைத்தார். 1769 ஜூன் 4 அதிகாலை, வேண்டிய அந்தச் சில மணி நேரம் மட்டும் மேகம் மூடிக்கொண்டது. 1771இல் பிரான்சு சென்றபோது அவர் இறந்துவிட்டதாகக் கருதி அகாதமியில் அவரிடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தனர். உறவினர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர்.

காத்திருந்த நாட்களில் லெ ஜெந்தீல் புதுச்சேரித் தமிழர்களிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கேட்டறிந்தார். அவர்கள் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டு கணித்தனர். 1765 ஆகஸ்ட் 30 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவை அம்முறையில் கணித்தபோது பிழை 41 வினாடியே. ஐரோப்பாவின் புகழ்பெற்ற மாயர் அட்டவணைகள் தந்த பிழை அதைவிடப் பெரிது. பிறகு 1825இல் ஜான் வாரன் என்பார் இதே புதுச்சேரியில் பஞ்சாங்கக் கணக்கர் ஒருவரைக் கணிக்கச் சொல்லிப் பார்த்தார். அவ்வாண்டு மே இறுதியில் வந்த சந்திர கிரகணத்தின் தொடக்கம் 4 நிமிடமும், நடு 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் பிசகின. தாம் சொல்லும் வாய்பாடு எதனால் அப்படி அமைந்தது என்பதை அந்தக் கணக்கர் அறியார் என்றும் வாரன் குறிக்கிறார்.

இதைக் கொண்டு மனனத்தை இகழ்வோருடன் நமக்கு உடன்பாடில்லை. குர்ஆனை நெஞ்சில் சுமந்தோர் நடுவே வாழும் நாம் அவ்வாறு சொல்லமாட்டோம். அந்த நினைவாற்றல் வியக்கத்தக்கது. குறை வேறிடத்தில் உள்ளது. கணித்தவர் இரவில் வெளியே வந்து நிலாவைப் பார்த்து, பிசகிய நிமிடங்களைக் குறித்து வைத்து, தம் சீடருக்குச் சொல்லியிருந்தால் வாய்பாடு தலைமுறைதோறும் திருந்தியிருக்கும். அல்-பிரூனி அதைத்தான் செய்தார். 997 மே 24 அன்று அவர் குவாரிஸ்மின் காத் நகரிலிருந்தும், அபுல் வஃபா பக்தாதிலிருந்தும் ஒரே சந்திர கிரகணத்தை முன்னேற்பாட்டுடன் நோக்கினர். இரு நகரங்களின் நேர வேறுபாட்டிலிருந்து தீர்க்கரேகை வேறுபாட்டைக் கண்டனர். ஈரிடத்து இரு சாட்சிகள்; இருவரும் கண்டதையே எழுதினர்.

பள்ளி அறிவியலின் கதை இதற்கு நெடுங்காலம் பிந்தியது. சர் சையித் அகமது கான் 1864இல் காஜிப்பூரில் அறிவியற் கழகம் தொடங்கினார். அது பின்னர் அலிகருக்குப் பெயர்ந்தது. 1885இல் லாகூரில் பஞ்சாப் அறிவியல் நிறுவனம் தோன்ற, ருச்சி ராம் சாஹ்னி பஞ்சாபியில் செய்முறை விளக்கங்களோடு சொற்பொழிவாற்றினார். தமிழ்நாட்டில் சேலத்தில் 1916இல் தமிழ்ச் சாத்திரக் கலைச்சொற்களுக்கென்று ஒரு சங்கம் பிறந்தது. இராஜாஜி அதன் முதல்வருள் ஒருவர். 1930களின் இறுதியில் உயர்நிலைப் பள்ளிப் பாடங்கள் தாய்மொழிக்கு மாறத் தொடங்கின. பெ.நா. அப்புஸ்வாமி போன்றோர் அறிவியலைத் தெளிந்த தமிழில் எழுதிக் காட்டினர். நம்மவருள் மணவை முஸ்தபாவை ஈண்டு நினையாமல் மேற்செல்லல் தகாது. 'யுனெஸ்கோ கூரியர்' இதழின் தமிழ்ப் பதிப்பை நெடுங்காலம் நடத்தி, கலைச்சொல் அகராதிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொகுத்து, 2017இல் மறைந்தவர் அவர். இவர்கள் அனைவரும் செய்தது அறிவியலுக்குச் சொல் தேடிக் கொடுத்தது. அச்சொல்லைக் கேட்ட பிள்ளை பொருளையும் தொட்டுப் பார்த்ததா என்னும் வினா எஞ்சி நின்றது.

1964-66இல் பணியாற்றிய கோத்தாரி கல்விக்குழு, பள்ளியின் முதற் பத்தாண்டும் அறிவியல் அனைவர்க்கும் கட்டாயம் என்று பரிந்துரைத்தது. பாடம் வந்தது, ஆய்வகச் சாவி தலைமையாசிரியர் மேசையிலேயே இருந்தது. நாம் பயின்ற பள்ளியில் கண்ணாடி அலமாரிக்குள் ஒரு நுண்ணோக்கி இருந்தது. ஐந்தாண்டும் அலமாரிக்கு வெளியே நின்றே அதைக் கண்டோம். உடைந்தால் யார் கட்டுவது என்பதே ஆசிரியரின் கவலை. அவர்மேல் நமக்கு இன்று வருத்தமில்லை.

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய திட்டம் இந்தப் பூட்டைத் திறந்தது. பிள்ளைகள் குழுவாகச் சோதனை செய்வர், கண்டதை எழுதுவர், தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகளுக்குப் பரவிய அத்திட்டம் 2002இல் அரசு ஆணையால் முடிவுற்றது. முப்பதாண்டு உழைப்பு ஒரு தாளில் முடிந்ததை எண்ணும்போது, வகுப்பறைக்கு உள்ளே மட்டும் நம்பிக்கை வைப்பது போதாதென்று தோன்றுகிறது.

தமிழ்நாட்டில் வகுப்பறைக்கு வெளியே வேர் பிடித்தது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 1980இல் தோன்றி, 1987இல் 'துளிர்' என்னும் சிறுவர் அறிவியல் இதழைத் தொடங்கியது. அவ்விதழின் பெயரால் ஊர்தோறும் எழுந்த சிறுவர் மன்றங்களே துளிர் இல்லங்கள். 1993இல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு தொடங்கிற்று. விழுப்புரம் தனி மாவட்டமானதும் அவ்வாண்டு செப்டம்பரிலேயே. பத்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, தம் ஊரின் கிணறோ குப்பையோ வயலோ ஏதேனும் ஒன்றை ஆராய்ந்து, தாய்மொழியிலேயே அறிக்கை படிக்கலாம் என்பது அம்மாநாட்டின் சிறப்பு. கிராமத்துப் பிள்ளைக்கு இது பெரிய வாயில். பின்னாளில் ஆசிரியரே எழுதிப் பிள்ளை ஒப்பிக்கும் அறிக்கைகளும் நுழைந்தன. தெர்மாகோல் எரிமலைக்குச் சான்றிதழ் தந்த கண்காட்சிகளையும் நாம் கண்டிருக்கிறோம். மத்திய அரசின் விஞ்ஞான் பிரசார் நிறுவனம் 1998 முதல் நாடெங்குமுள்ள மன்றங்களை ஒரு வலையாகப் பின்னியது. அந்நிறுவனமே 2023இல் மூடப்பட்டது. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டு வகுப்புவரை சோதனைகளை வகுப்பறைக்கே கொண்டுவந்தது. ஒன்பதும் பத்தும் அதன் வரம்பில் இல்லை. தேர்வு பிள்ளையை விழுங்கத் தொடங்குவது அந்த இரண்டாண்டில்தான்.

நம் கதையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நாம் மத்ரஸாவில் 'ஹைஅத்' என்னும் வானநூல் ஓதினோம். பஹாவுத்தீன் ஆமிலியின் 'தஷ்ரீஹுல் அஃப்லாக்', ஜக்மீனியின் நூலுக்குக் காழிஸாதா ரூமீ எழுதிய விரிவுரை ஆகிய கிதாபுகள். கோள்களின் வட்டங்களைத் தாளில் வரைவோம். வட்டத்தின் பெயர்களை அரபியில் ஒப்பிப்போம். இரவில் முற்றத்தில் படுத்திருந்தபோது அவற்றுள் ஒன்றை மேலே தேடிப் பார்த்ததில்லை. நமக்கும் அந்த இருபத்தாறு ஏடுகளுக்கும் பெரிய வேறுபாடில்லை.

2004 ஜூன் 8 அன்று வெள்ளி மீண்டும் சூரியனைக் கடந்தது. இந்தியாவில் முற்பகல் பத்தே முக்கால் அளவில் தொடங்கி மாலை நாலே முக்காலைத் தாண்டும்வரை தெரிந்தது. இப்னு சீனா சூரியன் மேல் வெள்ளியை ஒரு புள்ளியாகக் கண்டதாக எழுதியுள்ளார். 1032ஆம் ஆண்டுக் கடப்பே அதுவென்பர் சிலர், ஐயுறுவோரும் உளர். அந்த ஐயத்தை எண்ணிக்கொண்டே, ஒரு துளிர் இல்லத்தார் கூடியிருந்த பள்ளி முற்றத்திற்குச் சென்றோம். சிறு தொலைநோக்கி வழியே சூரிய பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழச்செய்திருந்தார்கள். மிளகளவு கரும்புள்ளி. இருபதாண்டு நாம் பெயர் மட்டும் சொல்லிவந்த 'ஸுஹரா' அது.

எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அரைமணிக்கு ஒருமுறை புள்ளியின் இடத்தைத் தாளில் குறித்துக்கொண்டிருந்தாள். பிற்பகலில் மேகம் வந்தது. முன்னிரு புள்ளிகளையும் கோட்டால் இணைத்தாலே நடுவில் வெள்ளி எங்கிருந்திருக்கும் என்பது எவருக்கும் தெரியும். பக்கத்துப் பையன் அவ்வாறே புள்ளி வைத்துவிட்டான். அவள் வைக்கவில்லை. மணியை எழுதி, எதிரே "மேகம். பார்க்கவில்லை" என்று எழுதினாள். தம் நாட்குறிப்பில் லெ ஜெந்தீல் எழுத நேர்ந்ததும் ஏறத்தாழ அதுதானே என்று நினைத்துக்கொண்டோம். நன்னூல் ஆசிரியர் எவரும் சொல்லித் தந்ததாகத் தெரியவில்லை. மன்றத்து ஆசிரியரைக் கேட்டோம். "முதல் நாள் ஒன்று சொன்னேன், பாய். தப்பான அளவுக்கு நான் திட்டமாட்டேன், பார்க்காத அளவுக்குத் திட்டுவேன் என்று. அவ்வளவுதான்" என்றார்.

மன்றத்தை வளர்க்கப் பெரும்பொருள் வேண்டுமென்பது உண்மையன்று. திண்டிவனத்திற்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன; வயது ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டு. பிரெஞ்சுப் பயணி சொன்னரா 18ஆம் நூற்றாண்டிலேயே குறித்துவைத்தவை. பேருந்துச் சீட்டின் செலவில் காணக்கூடிய அவற்றை இம்மாவட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் கண்டிருப்பர்? நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகள் சிலவற்றில் ஆய்வகக் கட்டடத்திற்குத் திறப்புவிழாக் கல்வெட்டு உண்டு. பிள்ளைகளின் கைபட்ட தேய்மானம் இல்லை.

நம் மாணவ ஆசிரியர் அன்று வந்தது குறைசொல்ல மட்டுமன்று. ஆண்டில் இருமுறை, ஏப்ரல் 21ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 21ஐ ஒட்டியும், விழுப்புரம் வட்டாரத்தில் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நட்ட குச்சிக்கு நிழல் இராது. அதே நேரத்தில் கன்னியாகுமரியில் ஒரு மீட்டர் குச்சிக்கு ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் நிழல் தெற்கே விழும். நிழலின் கோணம் நாலு பாகைக்குச் சற்றுக் குறைவு. இவ்விரு ஊர்களுக்கும் இடையே வடக்குத் தெற்காகத் தொலைவு சுமார் 430 கி.மீ. பிறகு ஏழாம் வகுப்புக் கணக்குத்தான்: பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ. என்று வந்துவிடும். கலீபா மஃமூனின் கணிதர் சிஞ்சார் சமவெளியில் பாகை அளந்ததும் இதன் உறவுதான். ஏப்ரலில் தேர்வும் விடுமுறையும். ஆகஸ்டில் பள்ளி நடக்கும். கன்னியாகுமரிப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் மன்றம் இசைந்துவிட்டதாம்.

"ஹஜ்ரத், மூன்றாவது சாட்சியாக நம் மத்ரஸாப் பிள்ளைகளும் ஒரு கம்பு நடலாமா?" என்று கேட்டார்.

திண்டிவனம் பக்கத்தில் உள்ள நம் கல்லூரி சற்று வடக்கே இருப்பதால் நமக்கு நாள் ஒன்று முந்தும். அஸர் நேரத்தைச் சொல்லும் ஃபிக்ஹுப் பாடத்தில், நண்பகல் நிழலைக் கழித்து அளக்கவேண்டும் என்றும், மக்காவில் சில நாட்களில் அந்நிழலே இராது என்றும் ஆண்டுதோறும் ஓதிக் கொடுக்கிறோம். நம் முற்றத்திலும் அது இல்லாத நாள் இரண்டுண்டு என்பதை இதுவரை மாணவர்க்குச் சொன்னதில்லை, நமக்கே தெரியாது. பள்ளிவாசல் பணியாளர் மூங்கில் ஒன்றைச் செதுக்கி, குண்டுநூல் பிடித்து, ஹவ்ளுக்குத் தெற்கே நட்டிருக்கிறார். இரண்டாம் ஜும்ரா மாணவர் இருவர் ளுஹருக்கு முன் அதன் நிழலை அன்றாடம் அளந்து ஏட்டில் எழுதிவருகின்றனர். கடந்த செவ்வாய்க்கிழமைக்கு எதிரே "மேகம்" என்றிருக்கிறது.