திண்ணைக்கு வந்த ரசாயனம்

ரசாயனம் என்றவுடன் மாணவர் பலருடைய மனக்கண்முன் தோன்றுவன கண்ணாடிக் குழாய்களும், கண்ணைக் கரிக்கும் புகையும், பரீட்சைக்கு முன்னிரவில் உருப்போடும் சமன்பாடுகளுமே. இந்தச் சாஸ்திரத்தைச் சாமானிய மக்களுக்கும் உரியதாக்க முயன்றோர் தமிழகத்திலும் ஈழத்திலும் இருந்தனர். அவர்களுடைய வரலாற்றைச் சுருக்கமாகக் கூறி, அதனின்று நாம் கொள்ளத்தக்கது யாது என்பதையும் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்க வைத்தியராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தார். தமிழை முயன்று கற்ற அவர், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே போதிக்கத் துணிந்தார். மருத்துவம் பயில்வோனுக்கு ரசாயன அறிவு இன்றியமையாதது. ஆகவே, அவருடைய முயற்சியால் 1875இல் 'கெமிஸ்தம்' என்ற நூல் நாகர்கோயிலில் அச்சாகி வெளிவந்தது. பிறமொழிச் சொல்லுக்கும் தமிழ் உடை அணிவித்து அழைத்து வந்த அப்பெயரே அவர் துணிவுக்குச் சான்றாகும்.

நூல் தோன்றியும் சொற்சிக்கல் தீரவில்லை. 1916இல் சேலத்தில் வக்கீலாக இருந்த சி. ராஜகோபாலாச்சாரியார், வெங்கடசுப்பையர் என்ற நண்பருடன் சேர்ந்து, விஞ்ஞானச் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் நிறுவினார்; அதற்குப் பத்திரிகையும் நடத்தினார். வடசொல்லை ஏற்பதா, தனித்தமிழில் ஆக்குவதா, ஆங்கிலச் சொல்லை அப்படியே கொள்வதா என்னும் வழக்கு நெடுங்காலம் நடந்தது. ஒரு தலைமுறை 'பிராணவாயு' என்றது. மறு தலைமுறை 'ஆக்ஸிஜன்' என்கிறது. ரசாயனமே இன்று வேதியியல் ஆகியிருக்கிறது. சொல் மாறினும் பொருள் விளங்கியது என்பதே நமக்கு முக்கியம்.

ராஜாஜி சொல்லாக்கத்தோடு நின்றுவிடவில்லை. 'திண்ணை ரசாயனம்' என்ற நூலையும் எழுதினார். 1948 முதல் 1950 வரை கவர்னர் ஜெனரலாகவும், 1952 முதல் 1954 வரை சென்னை மாநில முதலமைச்சராகவும் இருந்து, முதுமையில் தியாகராய நகர் பஸ்லுல்லா சாலையில் வாழ்ந்த அப்பெரியார் சூட்டிய அத்தலைப்பை எண்ணிப் பாருங்கள். திண்ணைக்கு நுழைவுச் சீட்டு இல்லை. வழிப்போக்கனும் அங்கே அமரலாம், கேள்வி கேட்கலாம், விளங்காவிடில் மறுபடியும் கேட்கலாம்.

திண்ணையில் செய்து காட்டக்கூடிய சோதனைகளும் பல. மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தியின் செந்நிறம் வருகிறது. அதில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் மீண்டும் மஞ்சளாகிறது. காரமும் அமிலமும் இன்னவை என்பதை இதனினும் எளிதாக எவ்வாறு விளக்குவது? தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழல் வழியே மெல்ல ஊதினால் நீர் பால்போல் வெளுக்கிறது. நம் மூச்சிலுள்ள கரியமில வாயு செய்யும் வேலை அது. சுவரில் பூசிய சுண்ணாம்பு நாளடைவில் இறுகுவதும் அதே வாயுவால்தான்.

மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கி ஊறவையுங்கள். அந்நீரில் துருப்பிடித்த ஆணி ஒன்றை இட்டு வைத்தால், சில நாட்களில் நீர் கறுக்கும். கடுக்காயின் துவர்ப்புப் பொருள் இரும்புடன் கூடிய விளைவு இது. கடுக்காயையும் அன்னபேதியையும் கூட்டி நம் முன்னோர் மை செய்ததும் இம்முறையிலேதான். அதே துவர்ப்புப் பொருள் தோலின் புரதத்தைப் பற்றிக்கொண்டு அதை அழுகாமல் காக்கிறது. பதனிடுதலின் அடிப்படை இது. அத்தொழிலை ஆராய்வதற்கென்றே 1948இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. கடுக்காய் ஊறும் கிண்ணத்துக்கும் அப்பெரிய நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவே.

மேரி கியூரி அம்மையார் ரசாயனத்துக்கான நோபல் பரிசு பெற்ற நூறாவது ஆண்டாகிய 2011ஐ, ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச ரசாயன ஆண்டாகக் கொண்டாடச் செய்தது. இத்தகைய விழாக்கள் வேண்டியவையே. ஆயினும், விழா முடிந்து பந்தல் பிரித்த பின்னும் நிலைப்பது, ஒருவர் மற்றொருவருக்கு விளங்கச் சொன்ன உண்மை ஒன்றே.

ஆகவே, மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இது. உங்கள் கல்லூரி ரசாயன மன்றம் அடுத்த கண்காட்சியை நடத்தும்போது, பார்வையாளராகத் தெருவிலுள்ள தாய்மாரையும் சிறுவரையும் அழையுங்கள். ஒவ்வொரு சோதனையையும் அவர்களுக்கு விளங்கும் தமிழில் சொல்லுங்கள். எந்த இடத்தில் நம் நாக்குத் தடுமாறுகிறதோ, அந்த இடத்தில் நம் அறிவும் இன்னும் தெளியவில்லை என்று அறியலாம். திண்ணை வைத்த வீடுகள் நகரத்தில் அருகிவிட்டன. திண்ணையில் அமர்ந்து பேசும் மனம் அருகாதிருக்குமாயின் ரசாயனம் நம் மக்களின் சொத்தாகும்.