நேயர் காசில் நடக்கும் வானொலியும் அங்கே தொழில் பயிலும் மாணவரும்

யாழ்ப்பாணக் கோட்டையைக் கடந்து பண்ணைத் தாம்போதியில் ஏறினால் கடலுக்கு நடுவே முதலில் எதிர்ப்படும் தீவு மண்டைதீவு. சைக்கிளில் சிறிது நேரத்தில் போய்விடலாம். நகரத்துக்கு இத்தனை அருகில் இருந்தும், வானொலியைப் பொறுத்தவரை அந்தத் தீவும் அதற்கப்பால் உள்ள வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகியனவும் எப்போதும் கேட்கும் இடங்களாகவே இருந்து வந்திருக்கின்றன. பேசும் இடம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவில், கொழும்பில் இருந்தது.

வானொலித் தொழிலை ஒரு மாணவன் எங்கே கற்றுக்கொள்வது? பத்திரிகைத் தொழிலுக்கு வந்த எங்களைப் போன்றோருக்கு அந்தக் கேள்வி பெரிதாக எழவில்லை. ஊரிலேயே அச்சகங்கள் இருந்தன. ஒப்புநோக்குபவராக ஒரு மூலையில் உட்கார்ந்து பிழை திருத்தத் தொடங்கியவர், நாளடைவில் நிருபராகவும் துணை ஆசிரியராகவும் ஆகிவிடலாம். பயிற்சி என்ற சொல்லைக்கூட ஒருவரும் சொல்லியதில்லை. வானொலி அப்படியன்று. அதற்கு ஒலிபரப்பி வேண்டும், அலைவரிசை வேண்டும், அரசின் அனுமதி வேண்டும்.

இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை தன் பொற்காலத்தில் இளையோரைப் பயிற்றுவிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பி. எச். அப்துல் ஹமீத் சிறுவனாக இருந்தபோதே ‘சிறுவர் மலர்’ நிகழ்ச்சியின் வழியாக ஒலிவாங்கிக்கு முன் வந்தவர். பிற்காலத்தில் பேராசிரியராக அறியப்பட்ட கா. சிவத்தம்பி மாணவப் பருவத்திலேயே வானொலி நாடகங்களில் நடித்தார். இலங்கையர்கோனின் ‘விதானையார் வீட்டில்’ தொடரில் அவர் விதானையாராகப் பேசியதைப் பழைய நேயர்கள் இன்றும் நினைவுகூர்வதுண்டு. இவை பெயரில்லாத தொழில்பயிற்சிகள்தாம். ஆனால் கலையகக் கதவு கொழும்பில் இருந்தது. அதன் பக்கத்தில் வாழ்ந்த பிள்ளைக்கே அது எளிதில் திறந்தது. மண்டைதீவிலிருந்து ஒரு பள்ளிப் பிள்ளை ஒவ்வொரு வாரமும் ஒத்திகைக்குப் போய்வர முடியுமா?

இந்தக் கேள்வியோடு சற்றுத் தொலைவுக்குப் போக வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரில் கே.பி.இ.எம். என்றொரு வானொலி இருக்கிறது. 1970இல் தொடங்கியது. அதன் உரிமம் அந்நகரப் பொதுப் பள்ளிகளின் நிர்வாகத்துக்கு உரியது. கலையகம் ஓர் உயர்நிலைப் பள்ளியோடு இணைந்தது. பிற்பாடு அது ஜாஸ் இசைக்கான நிலையமாக மாறியது. பள்ளி மாணவர்கள் அங்கே ஒலிபரப்பைப் பாடமாகக் கற்று, நேரடியாக நேயர்களுடன் பேசுகிறார்கள். கற்றுத் தேர்ந்த பிறகு பேசலாம் என்று யாரும் அவர்களைக் காத்திருக்க வைப்பதில்லை. நியூ ஜெர்சியின் நியூவார்க் நகரில் உள்ள டபிள்யூ.பி.ஜி.ஓ. வானொலியின் கதையும் இதற்கு உறவுடையதே. அந்நகரக் கல்விச் சபையின் கையில் இருந்த நிலையம் 1979இல் பொது வானொலியாகி, நாடறிந்த ஜாஸ் நிலையமாக வளர்ந்தது. இரண்டும் நேயர் தரும் சந்தாவையும் நன்கொடையையும் பெரிதும் நம்பி நடப்பவை.

கேட்பவரே காசு கொடுத்து வானொலியை நடத்தலாம் என்ற எண்ணத்தை அமெரிக்காவில் முதன்முதலில் செயலில் காட்டியவர் லூயிஸ் ஹில். இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்த அமைதிவாதி அவர். 1949 ஏப்ரல் 15ஆம் நாள் கலிஃபோர்னியாவின் பெர்க்கிலி நகரில் கே.பி.எஃப்.ஏ. நிலையத்தை அவரும் தோழர்களும் தொடங்கினர். விளம்பரதாரருக்கு அஞ்சாமல் பேச வேண்டுமானால் விளம்பரதாரரின் காசு கூடாது என்பது அவருடைய கணக்கு.

ஏன் ஜாஸ்? வணிக வானொலி அதைக் கைவிட்டுவிட்டது என்பதே காரணம். நேயர் தொகை குறைவு. ஆனால் விட்டுப் போகாத நேயர்கள். விளம்பரக் கம்பனியின் கணக்குப் புத்தகத்தில் அவர்கள் ஒரு பொருட்டல்லர். ஆகவே அவர்கள் தாமே காசு போட்டார்கள். காசு குறைந்த இடத்தில் சம்பளக்காரரும் குறைவு. வேலையோ குறைவதில்லை: இசைத்தட்டுகளை அடுக்க வேண்டும், செய்திக் குறிப்பு எழுத வேண்டும், நேயரின் தொலைபேசிக்குப் பதில் சொல்ல வேண்டும், நன்கொடை வாரத்தில் ஒவ்வொரு பெயராகப் பதிய வேண்டும். அந்த வேலைகளைச் செய்ய மாணவர்கள் வந்தார்கள். செய்யச் செய்யத் தொழிலும் படிந்தது. ஜாஸ் இலங்கைக்கும் அந்நியமன்று. டேவ் புரூபெக் 1958இலும் டியூக் எலிங்டன் 1963இலும் அமெரிக்க அரசின் கலைத் தூதர்களாக இங்கே வந்து வாசித்துப் போயினர். அந்த இசையை வாழவைத்த வானொலி முறைதான் நம் நாட்டுக்கு வரவில்லை.

மெல்பேர்ணில் தமிழ் இருக்கும் நிலையும் மினியாப்பொலிஸில் ஜாஸ் இருக்கும் நிலையும் ஒன்றேயென எனக்குத் தோன்றுவதுண்டு. 1976இல் அங்கே தொடங்கிய 3சி.ஆர். சமூக வானொலி ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ‘ரேடியோதொன்’ நடத்தி நேயரிடம் பணம் திரட்டுகிறது. 1989இல் ஒலிபரப்பைத் தொடங்கிய 3இஸட்.இஸட்.இஸட். பல இனத்தவரின் மொழிகளுக்கு நேரம் ஒதுக்கிய நிலையம். தமிழுக்கும் அங்கே இடம் கிடைத்தது. ஒவ்வொரு மொழிக் குழுவும் தன் மக்களிடம் சந்தா கேட்க வேண்டும். நிகழ்ச்சி செய்ய வருபவர் கருவிகளைக் கையாளவும், அவதூறுச் சட்டம் போன்றவற்றை அறியவும் முதலில் பயிற்சி பெற வேண்டும். ஈழத்திலிருந்து சிறுவயதில் வந்தவர்களும் அங்கேயே பிறந்தவர்களும் இத்தகைய நிலையங்களில் தமிழ் வாசிக்கக் கற்றிருக்கிறார்கள். ரொறன்ரோவில் நிலைமை வேறு. 1990களில் அங்கே தமிழ் வானொலி கேட்பதற்கென்று தனியான வாங்கிக் கருவியைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள் நம்மவர்கள். அது சந்தா அன்று. ஆயினும் கேட்பவர் தம் பையிலிருந்து கொடுத்தார் என்பதில் வேறுபாடு இல்லை.

தீவகத்தார் பெருந்தொகையாக அந்த நகரங்களுக்குப் போய்ச் சேர்ந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவுக் கடலில் குமுதினிப் படகில் பயணம் செய்தோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1986 ஜூன் 10ஆம் நாள் மண்டைதீவுக் கடலில் குருநகர் மீனவர் 31 பேர் கொல்லப்பட்டனர். 1990 ஓகஸ்டில் இராணுவம் தீவுகளில் இறங்கியதும் மண்டைதீவு மக்களுள் பெரும்பாலானோர் வீடுகளை விட்டுப் பண்ணைக் கடலுக்கு இப்பால் வந்தனர். அங்கிருந்து வன்னிக்கும், கொழும்புக்கும், பாரிஸுக்கும், இலண்டனுக்கும், ரொறன்ரோவுக்கும் சிதறினர். யாழ்ப்பாணத்தில் அந்த ஆண்டுகளில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்னோட்டத்தில் வானொலி கேட்டார்கள். ஒருவர் சுற்றுவார், நாலு பேர் காது கொடுப்பார்கள். பி.பி.சி. தமிழோசைக்கும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸுக்கும் இத்தனை பாடுபட்ட நேயர்கள் உலகில் வேறெங்கும் இருந்தார்களா என்பது ஐயமே. நேயர் ஆதரவில் நடக்கும் வானொலி என்று யாரேனும் சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சைக்கிள்தான்.

இலங்கையில் சமூக வானொலி வந்தது, வடக்கிற்கு வரவில்லை. 1981இல் யுனெஸ்கோ, டென்மார்க் அரசின் உதவிநிறுவனம் ஆகியவற்றின் துணையோடு மகாவலி சமூக வானொலி தொடங்கியது. மகாவலித் திட்டத்தில் குடியேற்றப்பட்ட மக்களிடையே ஒலிபரப்பாளர் குழுவொன்று போய்ச் சில நாள் தங்கும். ஊரவர் பேச்சையும் பாட்டையும் பதிவுசெய்து நிகழ்ச்சியாக்கும். 1989இல் கொத்மலையில் ஊருக்குள்ளேயே நிலையம் அமைந்தது. 1990களின் இறுதியில் அந்நிலையம் இணையத்தோடு இணைக்கப்பட்டபோது உலகெங்கும் பேசப்பட்டது. கிராமத்தவர் கேள்வி அனுப்புவார்; நிலையத்தில் இருப்போர் இணையத்தில் தேடி விடையை வானொலியில் தம் மொழியில் சொல்வார்கள். அயலூர் இளைஞர்கள் தொண்டர்களாக வந்து தொழில் பழகினார்கள். நல்ல முயற்சி, மறுப்பதற்கில்லை. ஆனால் நிலையத்தின் உரிமை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடமே இருந்தது. 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 1967 ஜனவரி 5இல் உருவான அந்தக் கூட்டுத்தாபனத்துக்கு வெளியே, ஓர் ஊர் மக்கள் தாமே சேர்ந்து வானொலி நடத்துவதற்கென்று தனியான உரிமப் பிரிவை அச்சட்டம் வகுக்கவில்லை. 1990களில் தனியார் நிலையங்கள் வந்தபோதும் அவை வணிக நிலையங்களாகவே வந்தன.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் கதை வேறுவிதமாகத் திரும்பியது. அலைவரிசை பொதுச் சொத்து என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதன் பின்னரும் அரசு ஏழெட்டு ஆண்டுகள் தயங்கியது. பிறகு கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கதவைச் சிறிது திறந்தது. 2004 பெப்ரவரி 1ஆம் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் அண்ணா எஃப்.எம். 90.4 மெகாஹேர்ட்ஸில் ஒலிக்கத் தொடங்கியது. நாட்டின் முதல் வளாகச் சமூக வானொலி அது. ஊடக அறிவியல் பயின்ற மாணவர்கள் அங்கே நிகழ்ச்சி செய்தனர்; சுற்றுப்புறக் குடியிருப்புகளின் பெண்களும் கலையகத்துக்கு வந்தனர். 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. நிபந்தனைகள் கடுமையானவை: சிறிய ஒலிபரப்பி, 30 மீற்றருக்கு மிகாத கோபுரம், பாதி நிகழ்ச்சியாவது உள்ளூரில் தயாரானதாக இருத்தல், அப்போது மணிக்கு 5 நிமிட விளம்பரம், சுயமாகச் செய்தி ஒலிபரப்பத் தடை. கடைசி நிபந்தனை என்னைப் போன்ற செய்தியாளனுக்குச் சினமூட்டுவது. ஊரில் நடந்ததை ஊர் வானொலி சொல்லக்கூடாது என்பது என்ன நீதி?

ஆயினும் அந்தச் சிறிய வாய்ப்பை வைத்துக்கொண்டு பாம்பனில் என்ன செய்தார்கள் என்பதை மண்டைதீவார் அறிய வேண்டும். 2016 ஓகஸ்டில் அங்கே தொடங்கிய ‘கடல் ஓசை’ மீனவருக்கான சமூக வானொலி. காற்றின் வேகம், அலையின் உயரம், மீன் கூடும் இடம், கடலுக்குப் போகலாமா கூடாதா, ஆமையும் கடற்பசுவும் ஏன் காக்கப்பட வேண்டும் என்பனவெல்லாம் அங்கே பேசப்படுகின்றன. பேசுவோரில் மீனவக் குடும்பத்து இளைஞர்கள் உண்டு. கரையோரத்துப் பேச்சுவழக்கு அப்படியே காற்றில் வருகிறது. அந்த ஒலி நம் தீவுகளை எட்டும் வலிமை உடையதன்று. ஆனால் காற்றும் கடலும் ஒன்றே. இழுவைப் படகால் இரு கரைக்கும் இடையே மூண்டிருக்கும் பிணக்கும் ஒன்றே. பாம்பன் மீனவன் என்ன சொல்கிறான் என்று குருநகர் மீனவன் அவன் குரலிலேயே கேட்டதில்லை. இருவரும் ஒருவரையொருவர் அமைச்சர்களின் அறிக்கைகளில் மட்டுமே கேட்டிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இன்று ஊடகக் கற்கைகள் துறை இருக்கிறது. மாணவர்கள் ஒலிப்பதிவு, தொகுப்பு, நேர்காணல் எல்லாம் கற்கிறார்கள். பயிலுநராகப் போக வேண்டிய காலம் வந்ததும் அவர்களுக்கு முன்னால் இருப்பவை பத்திரிகை அலுவலகங்கள், தொலைக்காட்சி நிறுவனங்கள், கொழும்பின் வணிக வானொலிகள். திரைப்பாடலுக்கும் திரைப்பாடலுக்கும் இடையே இருபது விநாடி கலகலப்பாகப் பேசுவதும் ஒரு கலைதான், இகழவில்லை. ஆனால் ஒரு மீனவர் சங்கத்தின் கூட்டத்தை ஒரு மணிநேரம் ஒலிபரப்பவோ, பழைய படகோட்டி ஒருவரின் நினைவுகளை வாரம்தோறும் பதிந்து தரவோ அவர்களுக்கு ஓரிடம் இல்லை. இணையத்தில் ஏற்றலாமே என்பார்கள். ஏற்றுகிறார்கள், ரொறன்ரோவில் இருப்பவர் கேட்கிறார். விடியற்காலையில் வலை ஏற்றிக்கொண்டு கடலில் நிற்பவருக்கு வேண்டியது சட்டைப்பையில் கிடக்கும் சிறிய வானொலியில் வரும் குரல்.

பாம்பனில் இருப்பது போன்ற சிறிய ஒலிபரப்பி ஒன்றை மண்டைதீவில் நிறுத்தினால், அது குருநகர், பாசையூர், கொழும்புத்துறை, அல்லைப்பிட்டி ஆகிய ஊர்களுக்கும் வேலணையின் ஒரு பகுதிக்கும் கேட்கும். நயினாதீவும் நெடுந்தீவும் எட்டா. அவற்றுக்குத் தனியே வேண்டும். மெல்பேர்ணிலும் ரொறன்ரோவிலும் வானொலிக்குக் காசு கொடுத்துப் பழகிய தீவகத்தார் சந்தா கேட்டால் கொடுப்பார்கள். பல்கலைக்கழகம் பண்ணைக்கு அப்பால் இருந்து மாணவரை அனுப்பலாம், பஸ் ஓடுகிறது. கொழும்பில் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, ஊர்ச் சங்கம் ஒன்று விண்ணப்பிப்பதற்கு ஒரு பிரிவைச் சேர்க்கும் வேலை மட்டும் மிச்சம் இருக்கிறது. தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர் யாரேனும் அதை ஒரு தனிநபர் பிரேரணையாகவேனும் கொண்டுவரலாம்.