சுர ஏணி

ஆசிரியர் கையை முட்டியாக மடித்துக் காட்டினால் 'தோ'. உள்ளங்கையைத் தரை நோக்கிக் கிடையாக நீட்டினால் 'மீ'. சைகை மாறுந்தோறும் குழந்தைகளின் குரலும் மாறுகிறது. பல நாடுகளின் தொடக்கப்பள்ளி இசை வகுப்புகளில் காணப்படும் இம்முறைக்கு ஹங்கேரி நாட்டு இசை மேதை சோல்ட்டான் கோடாயின் பெயர் வழங்குகிறது. அப்பெயர் வழங்குவது பொருத்தமே. ஆயினும் இம்முறையின் வேரைத் தேடிச் செல்வோர், ஹங்கேரியைக் கடந்து, இங்கிலாந்தின் நார்விச் நகரில் ஏழைப் பிள்ளைகள் பயின்ற ஒரு பள்ளியின் சுவரண்டை வந்து நிற்பர். அச்சுவரில் ஒரு நெடிய அட்டை தொங்கியது. அதனைத் தொங்கவிட்டவர் சேரா குளோவர் என்னும் பெண்மணி.

குளோவர் 1786ஆம் ஆண்டு பிறந்தவர். சமயகுரு ஒருவரின் மகள். தேவாலயத்தில் பிள்ளைகள் இசை பிசகாது பாடவேண்டும் என்பதே அவருடைய முதல் நோக்கம். அக்காலத்தில் ஐந்து கோடுகளின் மேல் புள்ளியிட்டு எழுதும் இசைக்குறியீட்டைக் கற்க ஆசிரியர் வேண்டும், கருவி வேண்டும், பல்லாண்டுக் காலமும் வேண்டும். இம்மூன்றும் இல்லாத குழந்தைகளுக்கு வேறு வழி காணவேண்டியிருந்தது. 11ஆம் நூற்றாண்டில் அரெட்சோ நகரத்துக் குய்தோ என்னும் துறவி வகுத்த சுரப்பெயர்களை அவர் எடுத்துக்கொண்டார். பிற்காலத்தில் சேர்ந்த ஏழாம் சுரமாகிய 'சி', 'சோ' என்பதுடன் முதலெழுத்தால் மோதியது. அதனைத் 'தே' என மாற்றினார். ஆங்கில எழுத்தில் ஏழு சுரங்களுக்கும் ஏழு வெவ்வேறு முதலெழுத்துகள் கிடைத்தன. அவற்றை ஏணிப்படிகளைப் போல் கீழிருந்து மேலாக எழுதிச் சுவரில் மாட்டி, கோலால் சுட்டிச் சுட்டிப் பாடவைத்தார். 1835ஆம் ஆண்டில் தம் முறையை நூலாகவும் வெளியிட்டார்.

அம்முறையின் உயிர்நிலை எளிமையானது. 'தோ' என்பது ஒரு குறிப்பிட்ட சுருதிக்குரிய நிலையான பெயரன்று. பாட்டு எந்தச் சுருதியில் அமைகிறதோ அதன் ஆதார சுரமே 'தோ'. மற்ற ஆறும் அதனோடு கொண்ட உறவால் பெயர் பெறுகின்றன. தமிழிசை அறிந்தவர்க்கு இதில் புதுமை ஏதுமில்லை. ஒரு கட்டையில் பாடினும் ஐந்து கட்டையில் பாடினும் ஆதார சட்சம் சட்சமே.

இங்கிலாந்து அரசாங்கமோ வேறு வழியில் சென்றது. கல்விக் குழுவின் செயலாளர் கே ஷட்டில்வொர்த், உழைக்கும் மக்களை மதுக்கடையினின்றும் மீட்கப் பாட்டு உதவும் என நம்பினார். பாட்டின் மேல் கொண்ட காதலினும் மதுக்கடையின் மேல் கொண்ட அச்சமே பெரிதாக இருந்தது போலும்! அவருடைய ஆதரவில் ஜான் ஹல்லா என்பவர், பாரிஸ் நகரில் வில்லெம் கையாண்ட முறையைக் கொணர்ந்து, 1841ஆம் ஆண்டில் இலண்டன் எக்சிட்டர் மண்டபத்தில் பள்ளியாசிரியர்களுக்கு வகுப்பு நடத்தினார். ஆசிரியர்கள் திரண்டு வந்தனர். ஆனால் அம்முறையில் 'தோ' ஒரே சுருதியில் ஆணியடித்தாற்போல் நின்றது. தொடக்கப் பாடங்கள் எளிதாயிருந்தன. பாட்டு வேறு சுருதிக்கு மாறியவுடன், பழகிய பெயர்கள் பழகாத இடங்களில் வந்து நின்று மாணவரைத் திகைக்க வைத்தன. ஆர்மோனியத்தின் ஒரு கட்டையை மட்டுமே 'ச' எனச் சொல்லவேண்டும் என்று விதித்தால் என்ன நேருமோ அதுவே நேர்ந்தது.

அதே 1841ஆம் ஆண்டில் ஹல் நகரில் கூடிய ஞாயிற்றுப்பள்ளி ஆசிரியர் மாநாடு, பிள்ளைகளுக்குப் பாட்டுக் கற்பிக்க எளிய முறை ஒன்றைக் கண்டறியுமாறு ஜான் கர்வென் என்னும் இளம் சமயகுருவைக் கேட்டுக்கொண்டது. அவர் இசைவாணர் அல்லர். சுரம் பிடித்துப் பாடவே இடர்ப்பட்டவர். குளோவரின் நூல் கைக்குக் கிட்டியபின் இரண்டு வாரங்களுக்குள் ஒரு பாடலைத் தாமே படித்துப் பாடும் ஆற்றல் பெற்றார். தாம் பட்ட இடர் இனிப் பிள்ளைகளுக்கு வேண்டா என எண்ணி, அம்முறையைத் திருத்திப் பரப்பத் தொடங்கினார். குளோவரின் இசைவைப் பெறாமலே திருத்தினார் என்பதை மறைத்தல் தகாது. அவரே முன்னோடி என்பதைக் கர்வென் பின்னர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். எனினும் அத்திருத்தங்கள் அனைத்தும் அம்மூதாட்டிக்கு உவப்பாயிருந்தன எனச் சொல்வதற்கில்லை. முறை பரவப் பரவக் கர்வெனின் பெயரே நிலைத்தது. குளோவர் 1867ஆம் ஆண்டு மறைந்தார்.

கர்வென் முறைக்குத் தனி அச்செழுத்து வேண்டியதில்லை. சாதாரண எழுத்தும் புள்ளியும் கோடும் போதும். ஆகவே நூல்கள் மலிந்தன. கைச்சைகைகளைச் சேர்த்தவரும் கர்வெனே. 1870ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தால் பள்ளிகள் பெருகியபோது இம்முறையும் உடன் பெருகிற்று. 1882ஆம் ஆண்டின் விதிப்படி, செவிவழியாகப் பாடும் பிள்ளைக்கு ஆறு பென்சும் குறியீடு பார்த்துப் பாடும் பிள்ளைக்கு ஒரு ஷில்லிங்கும், அதாவது இருமடங்கு, பள்ளிக்கு மானியமாகக் கிடைத்தது. பள்ளிகள் எதனை நாடியிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

இங்கேதான் ஓர் இழப்பும் நேர்ந்தது. சுர எழுத்துகள் ஐங்கோட்டுக் குறியீட்டுக்கு ஏறிச்செல்லும் ஏணியாகவே முதலில் கருதப்பட்டன. 1872ஆம் ஆண்டு முதல் கர்வென் அவ்வெண்ணத்தைக் கைவிட்டு, எழுத்துமுறையே தன்னளவில் போதுமானது என வகுத்தார். அதன் விளைவாக, ஹேண்டலின் பெரும்படைப்பை எழுத்துமுறையில் பாடவல்ல தொழிலாளர் குழுவினர், அதே பாட்டின் ஐங்கோட்டுத் தாளை விரித்தால் வாயடைத்து நின்றனர். கற்ற இசைவாணர் அவர்களை ஏளனமாக நோக்கினர். ஏளனம் தவறு; ஆனால் அதற்கு இடம் கொடுத்தது அந்த 1872ஆம் ஆண்டு முடிவு. மறுபுறம், சமயத் தொண்டர்கள் வழியே ஆப்பிரிக்கா சென்ற அதே எழுத்துமுறை அங்கே புது வாழ்வு பெற்றது. பிற்காலத்தில் தென்னாப்பிரிக்க நாட்டுப்பண்ணில் இடம்பெற்ற பாடலை 1897ஆம் ஆண்டில் ஈனோக் சொன்டோங்கா என்னும் பள்ளியாசிரியர் எழுதியது இம்முறையில்தான்.

இழந்ததை மீட்டவர் கோடாய். 1905ஆம் ஆண்டு முதல் சிற்றூர்களில் அலைந்து நாட்டுப்பாடல் திரட்டிய அவர், தம் நாட்டுப் பள்ளிகளில் அப்பாடல்கள் ஒலிக்காதது கண்டு வருந்தினார். 1925ஆம் ஆண்டு முதல் சிறுவர் குழுக்களுக்கென இசை அமைத்தார். இங்கிலாந்து சென்றபோது அங்குள்ள பாடகர் குழுக்களின் பயிற்சியைக் கண்டறிந்தார். அவரும் அவருடைய மாணவர் யெனோ ஆதாமும் கர்வெனின் சைகைகளையும் நகரும் 'தோ'வையும் எடுத்துக்கொண்டு, ஐங்கோட்டுக் குறியீட்டோடு மீண்டும் இணைத்தனர். ஹங்கேரியின் பழம் பாடல்கள் பல ஐந்து சுரங்களில் அமைந்தவை; நமது மோகனத்தைப் போல் அரைச்சுர இடைவெளி அற்றவை. இளங்குரலுக்கு இடறலில்லாத அப்பாடல்களே முதற் பாடங்களாயின. 1950ஆம் ஆண்டில், கோடாய் பிறந்த கெச்கெமேட் நகரில், நாள்தோறும் பாட்டு வகுப்பு நடைபெறும் முதல் தொடக்கப்பள்ளி மார்த்தா நெமெசெகி என்னும் ஆசிரியையால் தொடங்கப்பெற்றது. 2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோ, நாட்டுப்பாடல் மரபைக் கோடாய் வழியில் காக்கும் பணியை நற்செயல்முறைகளுள் ஒன்றாகப் பதிவு செய்தது.

ஹங்கேரியக் குழந்தைகளும் ஏழாம் சுரத்தைத் தகர எழுத்தால் தொடங்கியே பாடுகின்றனர். 'தி' என்பது அவர்கள் உச்சரிப்பு. அத்தகரம் நார்விச் பள்ளியின் சுவர் அட்டையில் குளோவர் எழுதியது.