மல்லாவி எந்த அரசின் குடி?

ஒரு மாநிலத்தில் குடியிருந்துகொண்டு இன்னொரு மாநிலத்தில் உழைப்பவர் எந்த அரசுக்கு வருமான வரி செலுத்துவது? அமெரிக்காவில் வாழும் நம்மவர்களுக்குப் பழக்கமான கேள்வி இது. நியூ ஜெர்சியில் வீடும் நியூயோர்க்கில் வேலையும் உள்ளவர், வேலை செய்யும் மாநிலத்துக்கு வரி கட்டுகிறார். குடியிருக்கும் மாநிலம் அத்தொகையைக் கருத்திற்கொண்டு தன் வரியில் கழிவு தருகிறது. ஓர் அரசின் பற்றுச்சீட்டை மற்ற அரசு மதிக்கிறது. அதுவே அவருக்குப் பாதுகாப்பு.

இலங்கைச் சட்டப்படி நாட்டுக்குள் இக்கேள்வி எழவே இடமில்லை. 1987இல் வந்த பதின்மூன்றாவது திருத்தம் மாகாண சபைகளுக்குப் புரள்வு வரி போன்ற சிலவற்றைக் கொடுத்தது. வருமான வரியைக் கொழும்பே வைத்துக்கொண்டது. ஆயினும் சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒரு வரி எல்லை வன்னியில் இருந்தது. அதற்கு மல்லாவியைவிடச் சிறந்த சாட்சி கிடையாது.

முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய்ப் பிரிவில், மாங்குளத்துக்கு மேற்கே உள்ள ஊர் மல்லாவி. 1996இல் கிளிநொச்சி இராணுவத்தின் வசமானபோது இடம்பெயர்ந்த மக்கள் பெருந்தொகையாக இங்கே வந்து சேர்ந்தனர். விவசாயக் குடியேற்றமாக இருந்த ஊர், வன்னியின் கடைத்தெருவாகவும் வைத்தியசாலையாகவும் மாறியது. ஆட்சி விடுதலைப் புலிகளுடையது. ஆசிரியர், மருத்துவர், பிரதேச செயலக உத்தியோகத்தர் ஆகியோரின் சம்பளமோ கொழும்புத் திறைசேரியிலிருந்து வந்தது.

அந்தச் சம்பளத்துக்குக் கொழும்பு வருமான வரி அறவிடவில்லை. 2011 ஏப்ரல் வரை நாடெங்கும் அரச ஊழியர் சம்பளத்துக்கு விலக்கு இருந்தது. ஆனால் அதே சம்பளத்தில் வாங்கிய பொருளில் இரண்டு அரசுகளும் தத்தம் பங்கை எடுத்துக்கொண்டன. ஒரு மூடை சீமெந்தை எடுத்துக்கொள்வோம். பொருளாதாரத் தடை 2002 ஜனவரியில் பெருமளவு தளர்த்தப்பட்டு, ஏ-9 பாதையும் திறந்தபின் அது தெற்கிலிருந்து லொறியில் வந்தது. 2002 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த பெறுமதி சேர் வரி அதன் விலையில் ஏற்கெனவே அடங்கியிருந்தது. ஓமந்தையில் இராணுவச் சோதனை. அதைத் தாண்டிப் புளியங்குளத்தில் புலிகளின் ஆயப்பகுதி இன்னொரு வரியை அறவிட்டுப் பற்றுச்சீட்டு எழுதியது. கொழும்புக்கு அச்சீட்டு வெற்றுத்தாள். புலிகளுக்குக் கொழும்பின் வரி பொருட்டல்ல. கழிவு என்ற பேச்சே இல்லை.

விந்தை அதோடு முடியவில்லை. யாழ்ப்பாணத்துக்குப் போகும் சரக்கும் இதே வழியால்தான் சென்றது. இராணுவக் கட்டுப்பாட்டில் இருந்த யாழ்ப்பாணத்தவர், தாம் குடியிருக்காத, வேலை செய்யாத ஒரு நிலப்பரப்புக்கும் வரி கொடுத்தார். வதிவிடத்தைத் தீர்மானித்தது வீடும் அல்ல, தொழிலும் அல்ல, பாதைதான்.

இந்த நிலையைச் சட்டமாக்கும் முயற்சியும் நடந்தது. 2003 ஒக்டோபர் 31ஆம் திகதியிட்ட இடைக்காலத் தன்னாட்சி அதிகாரசபை யோசனையில், வரிகளும் தீர்வைகளும் விதிக்கும் அதிகாரத்தைப் புலிகள் வெளிப்படையாகக் கோரினர். நான்கே நாட்களில், நவம்பர் 4ஆம் திகதி, ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க மூன்று அமைச்சுகளைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அந்த யோசனை பேச்சுமேசைக்கே வரவில்லை.

பத்திரிகைக்காரன் என்ற முறையில் என்னை உறுத்துவது வரியின் அளவன்று. வரி கொடுப்பவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை வேண்டும். புலிகளுக்கு வரி கொடுத்த மக்கள் அவர்களை வாக்களித்துத் தெரிவு செய்யவில்லை, அகற்றவும் வழியில்லை. மறுபுறம், 2004 பொதுத் தேர்தலில் வன்னி வாக்காளர் சோதனைச் சாவடி தாண்டிப்போய்க் கொத்தணி வாக்குச் சாவடிகளில் வாக்களிக்க வேண்டியிருந்தது. 2005 ஜனாதிபதித் தேர்தலில் புலிகளின் பகிஷ்கரிப்பு அதையும் தடுத்தது. இரு பக்கமும் வரி எடுக்கத் தெரிந்தவர்கள். ஒரு பக்கத்திலும் மல்லாவியாருக்கு முழுக் குடியுரிமை கிடைக்கவில்லை.

2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டது. 2008 செப்ரெம்பரில் மல்லாவியை இராணுவம் கைப்பற்றியது. அதற்குள் மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்துவிட்டனர். 2009 மே மாதத்துக்குப் பிறகு புளியங்குளத்துப் பற்றுச்சீட்டுகளுக்குப் பொறுப்புக்கூற எவருமில்லை.

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் வதிவிடத்துக்குக் கூறும் அளவுகோல்களில் ஒன்று, ஆண்டில் 183 நாட்கள் நாட்டில் தங்கியிருப்பது. அந்தச் சூத்திரத்தை அன்றைய மல்லாவிக்குப் பொருத்திப் பார்த்தால், அங்கிருந்தவர் ஆண்டின் 365 நாட்களும் இலங்கை வதிவாளர்தான். ஓமந்தையில் அடையாள அட்டையை நீட்டியபடி வரிசையில் நின்றவரிடம் அப்படிச் சொல்ல அன்று யாருக்கும் துணிவு வந்திராது.